அருகிருந்து கேட்கும் இசை

ஒலிபெருக்கி இல்லாத விழாவை இக்காலத்திற் காண்டல் அரிது. மணவீடாயினும் திருவிழாவாயினும் கல்லூரிப் பரிசளிப்பு நாளாயினும், ஆயிரம்பேர் செவிக்கும் ஒருங்கே எட்டுவதே நிகழ்ச்சியின் சிறப்பு என்று கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் இசையையும் விட்டுவைக்கவில்லை. மண்டபம் எத்துணைப் பெரிது, கேட்டோர் எத்துணைப் பேர் என்பனவே ஓர் இசைவாணரின் தகுதிக்கு அளவுகோலாயின. அவ்வாறாயின், பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேற் செவ்வனே கேட்க இயலாத ஓர் இசைக்கருவியை நாம் எவ்வாறு மதிப்பது? குறையுடைய கருவியென்று ஒதுக்குவதா? அன்றி, நம் அளவுகோலையே ஐயுறுவதா? இவ்வினாவை ஆராய்தற்கு ஐரோப்பியரின் கிளாவிக்கோட் என்னுங் கருவியையும், பரோக் காலம் எனப்படும் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்து இசையை அதன்கண் வாசிக்கும் முறையையும் எடுத்துக்கொள்கின்றோம்.

பழைய மாணவர் மலரில் மேனாட்டு வாத்தியம் ஒன்றுக்கு இடமேது என வினவுவாரும் உளராகலாம். மாணாக்கர் கையிலே வளர்ந்த கருவி இது. கற்போரும் கற்பிப்போரும் கற்று முடித்தோரும் ஒருங்கு கூடும் மலரொன்றில் இதனைப் பேசுதல் பொருத்தமே என்பது எம் எண்ணம்.

கிளாவிக்கோட்டைக் கண்டிராதவர்க்கு அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நீள்சதுரமான, ஆழங் குறைந்த ஒரு மரப்பெட்டி. அதன் முன்புறத்தே ஆர்மோனியத்திற் காண்பன போன்ற கட்டைகள். பெட்டியின் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய உலோகத் தந்திகள். பழைய சிறு கருவிகள் ஏறத்தாழ நான்கு ஸ்தாயி அளவின; மேசைமீது வைத்து வாசிக்கத்தக்கவை; ஒருவர் தாமே தூக்கிச் செல்லத்தக்கவை. ஒவ்வொரு கட்டையும் ஒரு நெம்புகோல். விரல் அதன் முன்முனையை அழுத்தப் பின்முனை எழும். அம்முனையில் நிறுத்திய சிறு பித்தளைத் தகடு தந்தியைச் சென்று தொடும். பொறியென்று சொல்லத்தக்கது அவ்வளவே. கட்டைகளால் வாசிக்கப்பெறும் தந்திக் கருவிகளுள் இதனினும் எளிய அமைப்புடையது வேறொன்றில்லை.

எளியதாயினும் நுட்பம் உடையது. தகடு தந்தியைத் தொட்டவுடன் விலகிவிடுவதில்லை. விரல் கட்டைமீது உள்ளவரை தந்தியை ஒட்டியே நிற்கும். அது தொட்ட இடமே தந்தியின் ஒலிக்கும் பகுதிக்கு ஓர் எல்லை, குதிரை மற்றையெல்லை. தகட்டுக்கு மறுபுறத்தேயுள்ள பகுதி கம்பளித்துணி இழை பின்னி ஊமையாக்கப்பட்டிருக்கும். விரலை எடுக்கத் தகடு விழும், துணி முழுத் தந்தியையும் அடக்கும், ஒலி ஓயும். எனவே, சுரத்தை எழுப்புவதும் அதன் தானத்தை வரையறுப்பதும் ஒரே தகட்டின் தொழிலாயின. ஒலி மிகச் சிறிதாயிருப்பதற்குக் காரணமும் இதுவே. தந்தியை அதன் எல்லைக்குச் சற்று உள்ளே தட்டினால் அது பெரிதும் அதிரும். எல்லையிலேயே தட்டினால் அதிர்வு குறைவாகவே பிறக்கும்.

இனி, ஒத்த ஏனைய கருவிகளை நோக்குவோம். ஹார்ப்சிக்கோட்டிலே பறவையிறகின் தண்டிலிருந்து சீவிய அலகொன்று தந்தியைச் சுண்டிவிட்டு விலகும். மெல்ல அழுத்தினும் வலிந்து அழுத்தினும் ஒலியளவு பெரிதும் வேறுபடாது. புளோரன்ஸ் நகரிலே 1700 ஆம் ஆண்டளவிற் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பார் அமைத்த பியானோவிலே சுத்தியல் தந்தியைத் தாக்கி உடனே மீளும்; ஒலியளவை விரல் ஆளலாம்; ஆயினும் ஒலி பிறந்தபின் அதனை நிறுத்துவதன்றி அதன்மேல் விரலுக்கு வேறு ஆட்சியில்லை. கிளாவிக்கோட்டில் மட்டுமே, ஒலி பிறந்தபின்னும் விரலுக்கும் தந்திக்குமுள்ள உறவு அறாது நிற்கின்றது.

இவ்வுறவினாலே இரு பயன்கள் விளைகின்றன. கட்டையைச் சிறிதே மிகுத்தும் தளர்த்தும் அழுத்தத் தந்தியின் இறுக்கம் மாறிச் சுரம் அசையும். ஜேர்மானியர் இவ்வசைவைப் ‘பேபுங்’ என்பர். நடுக்கம் என்பது அதன் பொருள். வீணையின் மெட்டின்மேற் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பாரைக் கண்டு பழகிய நமக்கு இதனை உணர்தல் எளிது. வீணையின் கமகத்திற்குள்ள பரப்பு இதற்கில்லை. ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு இழைந்து செல்லவும் இயலாது. ஆயினும் உயிருள்ள குரலிற் கேட்கும் அசைவு, கட்டைகளால் வாசிக்கும் கருவியொன்றிற் பிறப்பது வியப்பன்றோ? மற்றைப் பயன், ஒலியின் மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளையெல்லாம் விரலின் எடையே தீர்மானிப்பது. மிக மெல்லிய ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலே பல படிகளை இக்கருவி வைத்திருக்கின்றது. பேரொலி மட்டுமே அதனிடம் இல்லை.

பயனுள்ள இவ்வுறவே இடையூறும் ஆகும். வலிந்து அழுத்தினாற் சுரம் ஏறி அபசுரமாகும். தயங்கித் தொட்டால் தந்தி ஒலிக்காது, தடைப்பட்ட வெற்றோசையே எழும். சோம்பிய விரலையும் முரட்டு விரலையும் இக்கருவி உடனே காட்டிக்கொடுத்துவிடும். பியானோ பல பிழைகளைத் தன் முழக்கத்துள் மறைத்து நம்மைக் காக்கும். கிளாவிக்கோட் ஒன்றையும் மறைக்காது. நல்லாசிரியர் ஒருவர் அருகிருந்து, உரத்துக் கடியாமல், ஒவ்வொரு பிழையையும் அவ்வப்போதே சுட்டினாற் போன்றது அதன் இயல்பு.

பரோக் காலத்தவர் இதனை நன்கறிந்திருந்தனர். 1713 இல் ஹம்பேர்க் நகரத்து யொஹான் மத்தேசன் தாம் எழுதிய இசைநூலிலே, தனித்து வாசித்தற்குரிய உருப்படிகளுக்குக் கிளாவிக்கோட்டையே சிறந்ததாகப் பாராட்டினார். பாக்கின் உறவினராகிய யொஹான் கொட்பிரீட் வால்டர், 1732 இல் லைப்சிக்கில் வெளியிட்ட தம் இசையகராதியில், கட்டைகளை வாசிப்போர் அனைவர்க்கும் இக்கருவி முதல் இலக்கணம் போன்றதென உவமித்தார். இலக்கணம் என்ற சொல் கருதத்தக்கது. பேச்சைப் பிழையறச் செய்வது இலக்கணம். அது தானே மேடையேறிப் பேசுவதில்லை.

ஓர்கன் வாசிப்போர்க்கும் இக்கருவி இன்றியமையாததாயிற்று. அக்காலத்துத் தேவாலய ஓர்கனை வாசிக்கத் துருத்தி மிதிக்கும் ஆள் ஒருவராவது வேண்டும். குளிர்காலத்திலோ தேவாலயம் விரல் விறைக்குமளவு குளிர்ந்து கிடக்கும். ஆதலின், காலால் மிதிக்குங் கட்டைகளும் பொருத்திய கிளாவிக்கோட் ஒன்றை வீட்டில் வைத்து, அவர்கள் நாள்தோறும் பயின்றனர். கூரையதிர முழங்கும் ஓர்கனிசைக்கு வேண்டிய உழைப்பு, அடுத்த அறைக்குங் கேளாத கருவியொன்றிலே நிகழ்ந்தது.

ஹாண்டெலைப் பற்றியும் ஒரு செய்தி வழங்குகின்றது. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1760 இல் இலண்டனில் வெளிவந்த அவர் வரலாற்று நூல், இசை பயிலத் தந்தை தடைவிதித்தமையால், சிறுவன் ஹாண்டெல் வீட்டின் மேன்மாடத்து அறையொன்றில் மறைவாகச் சேர்க்கப்பட்ட சிறு கிளாவிக்கோட்டில், வீட்டார் உறங்கியபின் வாசித்துப் பழகினான் என்று கூறும். நூலாசிரியர் கேட்டெழுதிய செய்தியாதலின் அதன் மெய்ம்மை ஆராயத்தக்கது. எனினும், இக்கதை நம்பத்தக்கதாய்த் தோன்றுதற்கு இடந்தரும் கட்டைக்கருவி கிளாவிக்கோட் ஒன்றே. ஹார்ப்சிக்கோட்டைக் கூறியிருந்தால் எவரும் நகைத்திருப்பர்.

இப்போது யொஹான் செபஸ்தியன் பாக்கிடம் வருவோம். 1720 ஆம் ஆண்டு தை மாதத்தில், கோத்தன் நகர அரசவையிற் பணிபுரிந்த அவர், ஒன்பது வயதினனாகிய தம் மூத்த மகன் வில்ஹெல்ம் பிரீடமனுக்காக ஓர் இசைக் குறிப்பேட்டைத் தொடங்கினார். இசையெழுத்துக்களின் விளக்கம், அணிச்சுரங்களின் அட்டவணை, விரலிடும் முறைக்குச் சிறு பயிற்சி என்றிவ்வாறு அது படிப்படியாகச் செல்லும். பின்னர் ‘இன்வென்ஷன்’ எனப் பெயர்பெற்ற இருகுரல் உருப்படிகள் பதினைந்தும், ‘சின்போனியா’ எனப் பெயர்பெற்ற முக்குரல் உருப்படிகளும் முதலில் இடம்பெற்றது இவ்வேட்டிலேயே. 1723 இல் அவற்றைத் திருத்தி வரிசைப்படுத்தி எழுதிய பாக், நூலின் முகப்பிலே அதன் நோக்கத்தையும் குறித்தார்: குரல்களைத் தெளிவாகக் கையாளவும், எல்லாவற்றினும் மேலாகப் பாடுவது போன்ற வாசிப்பு முறையைப் பெறவும் கற்போர்க்கு வழிகாட்டுதல். அதற்கு முந்திய ஆண்டில், 1722 இல், எழுதிய ‘நன்கு சுருதிகூட்டிய கிளாவியர்’ முதற்றொகுதியின் முகப்பும் இத்தகையதே. இருபத்துநான்கு பிரெலூட்டுக்களும் அத்துணைப் பியூக்குகளும் அடங்கிய அந்நூல் கற்க விழையும் இளையோர்க்கென்றும், தேர்ந்தோரின் ஓய்வு நேரத்துக்கென்றும் எழுதப்பட்டது.

இவ்விரு முகப்புக்களிலும் மண்டபம் என்ற பேச்சில்லை; அவையோர் என்ற பேச்சுமில்லை. கற்பவன், கற்பிப்பவன், தனித்திருந்து இன்புறுபவன் ஆகிய மூவரே அவ்விசையின் குடிகள். கேட்போன் இல்லாத இசையா என்று ஐயுறவேண்டா. வாசிப்பவனே முதற் கேட்போன். அருகிருக்கும் ஆசிரியன் இரண்டாமவன். அதற்குமேல் ஒருவர் இருவர் வந்தமர்ந்தால் அவர் விருந்தினர். பின்வந்தோர் இவ்விசையை மண்டபத்துக்குக் கொண்டுசென்றது தவறென நாம் சொல்லவில்லை. கொண்டுசென்றவிடத்து எது குறைந்தது என்பதை மறந்தமையே தவறு என்கின்றோம்.

பாக் உண்மையில் எக்கருவியை விரும்பினார் என்பதில் அறிஞரிடையே நெடுங்கால வழக்குண்டு. 1802 இல் பாக்கின் வரலாற்றை எழுதிய போர்க்கெல், அவர் மகன்மார் இருவரிடங் கேட்டறிந்தவர். கிளாவிக்கோட்டிலேயே பாக் பெரிதும் விரும்பி வாசித்தாரென்றும், ஹார்ப்சிக்கோட் அவர்க்கு உயிரற்றதாய்த் தோன்றிற்றென்றும் எழுதினார். ஆனால், 1750 இற் பாக் இறந்தபின் எழுதப்பட்ட உடைமைப் பட்டியலிலே ஹார்ப்சிக்கோட் வகைக் கருவிகள் பல காணப்படுகின்றன. கிளாவிக்கோட் என்ற பெயர் இல்லை. தந்தையார் உயிருடனிருக்கும்போதே இளைய மகனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட மூன்று ‘கிளாவியர்’ எவை என்பதும் தெளிவில்லை. கிளாவியர் என்ற ஜேர்மன் சொல் கட்டைகளையுடைய எக்கருவிக்கும் பொருந்தும். பிற்காலத்தே கிளாவிக்கோட்டுக்குச் சிறப்பாக வழங்கலாயிற்று. பாக்கே சில உருப்படிகளுக்குக் கருவியை வரையறுத்ததும் உண்டு. 1735 இல் வெளிவந்த இத்தாலியக் கொன்சேர்ட்டோவும், 1741 இல் வெளிவந்த கோல்ட்பேர்க் மாற்றிசைகளும் ஈரடுக்குக் கட்டைகளுடைய ஹார்ப்சிக்கோட்டுக்கே உரியன. அவற்றைக் கிளாவிக்கோட்டுக்கு உரிமையாக்க முயல்வது வீண்வாதம்.

இருபதாம் நூற்றாண்டில் ஹார்ப்சிக்கோட்டை மீட்டு நிலைநிறுத்தியவராகிய வாண்டா லண்டொவ்ஸ்கா அம்மையார் பாக்கின் நாற்பத்தெட்டுப் பிரெலூட்டு பியூக்குகளையும் அக்கருவியிலே பதிவு செய்தார். அவருடைய வாசிப்பின் ஆற்றலை எவரும் மறுக்கார். எனினும் எம் கருத்து இதுவாகும்: கற்போர்க்கென எழுதப்பட்ட இன்வென்ஷன்கள், சின்போனியாக்கள், நன்கு சுருதிகூட்டிய கிளாவியரின் அகமுகமான பிரெலூட்டுக்கள் ஆகியவற்றுக்குக் கிளாவிக்கோட்டே மிகப் பொருந்திய இருப்பிடம். பெயர்ச்சான்று உறுதியற்றதாயினும் இசைச்சான்று உறுதியானது. பாடுவது போன்ற வாசிப்பைப் பயிற்றத் தொடங்கும் ஒருவர், தாம் எழுப்பிய சுரத்தின்மேல் விரலாட்சி உள்ள கருவியையன்றி வேறெதனை முதலிற் கொடுப்பார்?

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். சின்போனியாக்களுள் ஒன்பதாவது புலம்பலை ஒத்தது. அதில் பெருமூச்சுப் போன்ற இருசுரத் தொடர்கள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றிலும் முதற்சுரம் சற்றே அழுந்தவும், இரண்டாஞ்சுரம் தளர்ந்து விழவும் வேண்டும். ஹார்ப்சிக்கோட் வாசிப்பவர் காலத்தை நீட்டியுங் குறுக்கியும் அவ்வுணர்வைத் தோற்றுவிக்கலாம்; அது திறமையே. பியானோ வாசிப்பவர் ஒலியளவாற் செய்யலாம். ஆயின் மூன்று குரல்களும் புலம்பும்போது, மேற்குரல் ஏனையவற்றை மூடிவிடாமற் காப்பது அரிது. கிளாவிக்கோட்டில் மூன்று குரலும் ஓரறையில் அமர்ந்து தாழ்ந்த குரலிற் பேசுவார் மூவரைப் போல வெவ்வேறாகக் கேட்கும். ஒருவர் குரலை ஒருவர் அமுக்குவதில்லை.

தந்தையாரைப் பற்றிய வழக்கு எவ்வாறாயினும், மகனைப் பற்றி ஐயமில்லை. கார்ல் பிலிப் இமானுவேல் பாக், கிளாவியர் வாசிக்கும் உண்மைமுறை பற்றி எழுதிய பெருநூலின் முதற்பாகம் 1753 இலும் இரண்டாம்பாகம் 1762 இலும் வெளிவந்தன. ஒருவருடைய தேர்ச்சியை மிகச் சரியாக அளக்கத்தக்கது கிளாவிக்கோட்டே என அதில் அவர் துணிந்துரைத்தார். ஆயினும் அவர் ஒருபக்கம் சாய்ந்தவரல்லர். ஹார்ப்சிக்கோட்டையும் ஒவ்வொருவரும் வைத்திருந்து இரண்டினும் மாறிமாறிப் பயிலவேண்டும். முன்னதையே வாசிப்பவர் ஒரேநிறமான வாசிப்புக்கு ஆளாவர், பின்னதையே வாசிப்பவரின் விரல்கள் வலுவிழக்கும் என்பதும் அவர் அறிவுரை. நடுநிலை வாய்ந்த ஆசிரியர் ஒருவரின் குரலை இதிற் கேட்கின்றோம்.

1772 இல் ஆங்கில இசை வரலாற்றாசிரியர் சார்ள்ஸ் பேர்னி ஹம்பேர்க் சென்று அவரைக் கண்டார். ஓர்கன் கட்டுவதிற் புகழ்பெற்ற கொட்பிரீட் சில்பர்மான் செய்த கிளாவிக்கோட் ஒன்று அவரிடம் இருந்தது. பகலுணவின் பின் தொடங்கி, இரவு பதினொரு மணி அளவுவரை, பெரிதும் இடைவிடாது அவர் அதனை வாசித்தாராம். நெடிய சுரமொன்று வருமிடத்தே, அக்கருவியில் மட்டுமே இயலத்தக்க துயரக்குரலை எழுப்பினாரென்றும், வாசிக்கவாசிக்கத் தம்மை மறந்து, கண் நிலைகுத்தி, முகத்தில் வியர்வை துளிக்கக் காணப்பட்டாரென்றும் பேர்னி எழுதியுள்ளார். அவ்வறையில் இருந்தோர் சிலரே. ஐரோப்பிய இசைவரலாற்றில் இன்றளவும் நினைக்கப்படும் வாசிப்புக்களுள் ஒன்று, அடுத்த தெருவுக்குங் கேட்டிராத வாசிப்பு என்பதை உன்னுக. 1781 இல் அக்கருவியைப் பிறர்க்கு விற்றபோது, அதற்கு விடைகூறுவதாகவே ஓர் உருப்படியை அவர் இயற்றினார். விற்ற பொருளுக்காக இரங்கி இசையமைத்தல் எல்லாக் கருவிகளுக்கும் வாய்ப்பதன்று.

இத்தகைய கருவி பின்னர் மறைந்ததேன்? பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் கேட்கும் இசையரங்குகள் பெருகின, மண்டபங்கள் பெருத்தன, அவற்றை நிரப்பப் பியானோவும் ஆண்டுதோறும் வலுப்பெற்றது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப்பகுதிவரை செய்யப்பட்ட கிளாவிக்கோட், அதன்பின் நூதனசாலைப் பொருளாயிற்று. 1894 இல் இங்கிலாந்திலே ஆர்னல்ட் டொல்மெட்ச் என்பார் புதிதாக ஒன்றைச் செய்து வாசிக்கத் தொடங்கிய பின்னரே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அமெரிக்கராகிய ரால்ப் கேர்க்பற்றிக் 1959 இல் நன்கு சுருதிகூட்டிய கிளாவியரின் முதற்றொகுதியையும், 1967 இல் இரண்டாந் தொகுதியையும் கிளாவிக்கோட்டிலே வாசித்துப் பதிவு செய்தார். 2014 இல் மறைந்த கிறிஸ்தோபர் ஹொக்வுட் பாக், ஹாண்டெல், மொட்சார்ட் ஆகியோரின் இசையைப் பழைய கிளாவிக்கோட்டுக்களிற் பதிவு செய்த வரிசைக்கு ‘இரகசியம்’ என்னும் அடைமொழி கொடுத்தார். இன்று கையடக்கத் தொலைபேசியிலேயே இவற்றைக் கேட்கும் வசதி பலர்க்கு உண்டு. ஆகவே கருவி பிழைத்துக்கொண்டது. பிழையாதிருப்பது அதனைக் கேட்கும் முறையே.

ஈண்டுத்தான் நாம் ஒரு கண்டனம் கூறவேண்டியிருக்கின்றது. கிளாவிக்கோட்டைப் பெருமண்டபத்திலே வைத்து, ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் பூட்டி முழக்குவது அக்கருவிக்குச் செய்யும் உபகாரமன்று. ஒலியைப் பெருக்கும்போது கட்டை ஏறியிறங்கும் தட்டோசையும், தகடு தந்தியிற் படும் ஓசையும் கூடவே பெருகும். அருகிருந்து கேட்கும்போது செவிக்குத் தெரியாதவை மண்டபத்திலே முன்வந்து நிற்கும். அதனினுங் கொடியது, கேட்போனின் செயல் கெடுவது. தாழ்ந்த ஒலிக்குச் செவிசாய்க்கும் மனிதன் முதலிற் சற்றே தடுமாறுவான். சில நிமிடங்களிற் செவி பழகும். அதன்பின் மெல்லொலிக்குள்ளேயே உரத்தது, தாழ்ந்தது, நடுவானது என்னும் வேற்றுமைகளெல்லாம் விரிந்து தோன்றும். இருட்டறையிற் புகுந்தார்க்குச் சிறிதுபோழ்திற் பொருள்கள் புலப்படுவது போன்றது அது. ஒலிபெருக்கி அப்பழக்கத்துக்கே இடங்கொடாது விளக்கை முகத்தில் அடித்துவிடுகின்றது.

இதனால் ஒலிவாங்கியே ஆகாதென்று கொள்ளற்க. பதிவறையில் அதன் பயன் வேறு. 1966 இல் பீட்டில்ஸ் குழுவினர் ‘போர் நோ வன்’ என்னும் பாடலுக்குக் கிளாவிக்கோட்டைப் பயன்படுத்தினர். பாடலுக்கு அது பொருந்தியும் இருந்தது. கேர்க்பற்றிக்கின் பதிவும் ஒலிவாங்கி தந்த கொடையே. பதிவு என்பது அறையை நம்மிடம் கொண்டுவருவது. மண்டப ஒலிபெருக்கியோ அறையை அழிப்பது. ஆனால் பதிவைக் கேட்போர்க்கும் ஒரு கடமையுண்டு. பியானோப் பதிவுக்கு வைக்கும் ஒலியளவைக் கிளாவிக்கோட்டுக்கு வைத்தல் கூடாது. இருவர் மெல்லப் பேசும் பேச்சினும் மேற்படாதபடி குறைத்து, வீடு அடங்கிய வேளையிற் கேட்டல் வேண்டும். உரக்க வைத்துக் கேட்டுவிட்டு, இது வெறுங் கம்பியோசை என்று தீர்ப்புரைப்போர் கிளாவிக்கோட்டைக் கேட்டவரல்லர்.

இதனை மறுப்போர் இரண்டு தடைகளை எழுப்பக்கூடும். இது சிலர்க்கே உரிய செல்வர் இன்பமன்றோ என்பது ஒன்று. வரலாறு இதற்கு மாறானது. கட்டைக் கருவிகளுள் விலை குறைந்ததும், இடம் குறைந்ததும், பேணுதற்கு எளியதும் கிளாவிக்கோட்டே. ஹார்ப்சிக்கோட் வாங்க இயலாத பள்ளியாசிரியர், சிற்றூர் ஓர்கன் வாசிப்போர் முதலியோரின் வீட்டில் இருந்தது அதுவே. பத்துப்பேர் மட்டும் கேட்டால் வாசிப்பவர் எவ்வாறு வாழ்வது என்பது மற்றைத் தடை. இது மெய்யான இடர். எளிதில் விடுத்துவிட முடியாது. ஒரே நாளிற் சிறுசிறு கூட்டத்தினர்க்குப் பன்முறை வாசிப்பது, பதிவுகளை வெளியிடுவது, கற்பித்தலோடு வாசிப்பையும் இணைப்பது ஆகியன சில வழிகள். 1993 இல் இத்தாலியின் மாக்ஞானோ என்னுஞ் சிற்றூரில் இக்கருவிக்கென்றே கூடத் தொடங்கிய பன்னாட்டு மாநாடு, சிறிய இடத்திற் சிலர் கூடியும் ஒரு கலையைக் காக்கலாம் என்பதற்குச் சான்று. வருவாய் குறைவென்பதற்காகக் கலையின் இயல்பை மாற்றினால், எஞ்சுவது வருவாய் மட்டுமே.

நம் வீணைக்கும் இவ்வழக்குப் புதிதன்று. சிற்றவைக்குரிய அக்கருவி பெருமண்டபம் புகுந்தபின் ஒலிவாங்கி பொருத்துதல் வழக்கமாயிற்று. பலர் கேட்கும் நன்மை விளைந்தது. மீட்டலின் ஈற்றிலே தேய்ந்துபோகும் நாதத்தை நுகரும் பழக்கம் பலர்க்கு அரிதாயிற்று. இலாபத்தைச் சொல்வோர் இழப்பையும் உடன் சொல்லுதல் நேர்மை.

எம் கல்லூரி மாணவருட் சிலரும், அவர்தம் உடன்பிறந்தாரும், இலண்டன் இசைக்கழகங்களின் தேர்வுக்காகப் பியானோ பயில்கின்றனர். பாக்கின் இன்வென்ஷன்கள் அவர்க்குப் புதியனவல்ல. தேர்வாளர் முன்னே, புள்ளிக்காக, விரைந்தும் உரத்தும் வாசிக்கப்பெறும் அவ்வுருப்படிகள், தந்தை மகனுக்கு அருகிருந்து கற்பித்தவை என்பதை அவர் அறிதல் நன்று. கிளாவிக்கோட் ஒன்றை இங்கே தேடிக் காண்பது அரிதாகலாம். அதன் பாடத்தைப் பெறுதற்கு அது தடையாகாது. பியானோவின் வலது மிதியைத் தொடாது, மிகத் தாழ்ந்த ஒலியில், ஆனால் ஒரு சுரமும் விடுபடாது வாசிக்க முயல்க. உரத்து வாசிப்பதினும் அது பன்மடங்கு கடினம் என்பது முதல் நாளிலேயே விளங்கும். விரல் கட்டையை விட்டு எழும் கணத்தையும் அழுத்தும் கணத்தைப் போலவே செவியாற் கண்காணிக்க. மேற்குரலை வாசிக்கும்போது கீழ்க்குரலைப் பாட முயல்க. ஆசிரியர்களும் ஆண்டில் ஒருநாளாவது, அவையோரின்றி, கைதட்டலின்றி, நாலைந்து மாணவரை அருகிருத்தி இவ்வாறு வாசிக்கச் செய்வாராயின், விழாமேடை தராத பயனொன்று விளையும் என்பது எம் துணிபு.

ஐயமுடையோர் எம் சொல்லை ஏற்கவேண்டுவதில்லை. பதினைந்து இன்வென்ஷன்களுள் முதலாவதை இன்றிரவு, அறைக்கு வெளியே ஒருவர்க்குங் கேளாத அளவில், ஒருமுறை வாசித்துப் பார்ப்பாராக. அவ்வளவிலே அது குறைகின்றதா நிறைகின்றதா என்பதை அவர்தம் விரலும் செவியுமே தீர்ப்பிடட்டும்.